துணி துவைத்த தெரு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலைக்காக ஹாங்காங் வந்து இரண்டு வருடமாகிறது. நிலாத் திருவிழாவில் தாய் ஹாங் நெருப்பு டிராகன் ஊர்வலம் பார்த்தேன். தாய் ஹாங் இங்கே ஒரு பகுதி, முன்பு ஹக்கா என்ற சீன இனக்குழுவின் கிராமம். டிராகனைத் தூக்கி ஆடுவதெல்லாம் ஆண்கள். சிறுமிகள் தாமரை விளக்கோடு முன்னால் போகிறார்கள். மற்ற பெண்கள் வேடிக்கைதான் பார்க்கிறார்கள். ஹக்கா பெண்கள், பாதம் சிறுத்திருக்கச் சிறுவயதிலேயே துணியால் இறுக்கும் பழைய சீன வழக்கப்படி பாதம் கட்டாதவர்கள், சுதந்திரமானவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீன அரசை எதிர்த்த தைப்பிங் கிளர்ச்சியில் போருக்கே போனவர்கள் என்று படித்திருக்கிறேன். டிராகனைத் தொட அவர்களுக்கு ஏன் இடமில்லை?

எம்.

அன்புள்ள எம்.,

அந்தத் தெருவைப் பற்றி ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்துவிட்டது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சின்னது. தீட்டு பயம் சீனக் கிராமச் சடங்குகளிலும் உண்டு. தைப்பிங் வேறு கதை, இங்கே அதை இழுக்க வேண்டாம்.

ஆனால் ‘சுதந்திரமானவர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியாது. யோசிக்காமல் எழுதிய சொல் அது. பாதம் கட்டினால் மலைச்சரிவில் நாற்று நட முடியாது, அதனால் கட்டவில்லை. தென்சீனாவின் குவாங்தோங் மலைகளில் நல்ல நிலமெல்லாம் முன்பே வந்தவர்களிடம் இருந்தது. பின்னால் வந்த ஹக்காக்களுக்கு மேட்டு நிலம்தான் மிஞ்சியது. ஆண்களில் பலர் கப்பலேறித் தென்கிழக்காசியாவுக்குப் போனார்கள். ஏர் ஓட்டியது, விறகு சுமந்தது, மாமியாரைப் பார்த்துக்கொண்டது எல்லாம் பெண்கள். ஹாங்காங்கில் கட்டிட வேலைக்கு மண்ணும் கல்லும் சுமந்த பெண்களிலும் ஹக்காக்கள் நிறைய. கறுப்புத் துணி தொங்கும் மூங்கில் தொப்பியோடு பழைய புகைப்படங்களில் நிற்பார்கள், பாருங்கள். பாதத்தை விட்டுவைத்தார்கள், தோளில் காவடிக்கம்பை வைத்தார்கள். இதற்குப் பெயர் சுதந்திரமா?

பல வருடங்களுக்கு முன் நானும் அந்த ஊர்வலத்துக்குப் போயிருந்தேன். ஊதுபத்திப் புகையில் கண் எரிந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது தோளில் ஒரு மேடு, சுமந்து சுமந்து வந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் சுமந்த கிழவிகளுக்கு இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதே மாதிரி. கூட வந்த நண்பர் மொழிபெயர்த்துச் சொன்னார்: சின்ன வயதில் பாட்டி டிராகனைச் சரியாகப் பார்த்ததே இல்லையாம். ஆடிவிட்டு வருகிறவர்களுக்குச் சோறாக்கிக்கொண்டிருப்பாராம்.

டிராகன் ஆடுகிற தெருவின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? வுன் ஷா தெரு. துணி துவைக்கிற தெரு என்று அர்த்தம். அங்கே ஓர் ஓடை இருந்தது, ஊர்ப் பெண்கள் அதில்தான் துவைத்தார்கள். இன்று ஓடையை மூடிச் சாலை போட்டுவிட்டார்கள். 67 மீட்டர் நீள வைக்கோல் டிராகன், உடம்பெல்லாம் ஊதுபத்தி செருகிக்கொண்டு, அந்த இடத்தில்தான் சுற்றுகிறது. 1880இல் ஊரில் கொள்ளைநோய் வந்தபோது தொடங்கிய ஆட்டம். நோயை டிராகன் விரட்டியது என்கிறார்கள். சரி. அந்த நாட்களில் நோயாளிகளின் துணியை யார் துவைத்திருப்பார்கள்? எந்த ஓடையில்?

இரண்டு வருடமாக அந்த ஊரில் இருக்கிறீர்கள். ஒரு பாட்டியிடமாவது பேசினீர்களா? வேடிக்கை பார்த்தார்கள் என்று எழுதுவதற்கு முன் அதைச் செய்திருக்க வேண்டாமா? கோபமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கவனித்து எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அடுத்த வருடம் சாயங்காலமே போய்விடுங்கள், அடுப்படிப் பக்கம். ஊர்வலம் முடிந்ததும் எரிந்த ஊதுபத்திகளைக் கூட்டத்துக்குக் கொடுப்பார்கள். எனக்கும் ஒன்று வாங்கி வையுங்கள். நான் கொண்டுவந்தது வீடு மாறும்போது உடைந்துபோயிற்று.