மீக்கடத்தியில் முறிவது எது? சில கேள்விகள், சில பதில்கள்

வணக்கம். முனைவர் பட்டத்துக்காக மீக்கடத்திப் படிகங்களோடு மல்லுக்கட்டியவள் நான். சமச்சீர் முறிவு, அதாவது சமமான பல வாய்ப்புகளில் ஒன்றில் இயற்கை நிலைத்துவிடுவது, பற்றி வந்த கேள்விகளில் பதில் தெரிந்தவற்றை எடுத்துக்கொண்டேன்.

பொறியியல் மாணவர்: அக்கா, மீக்கடத்தின்னா மின்தடை பூஜ்யம், அவ்வளவுதானே? இதுல என்ன முறியுது?

பெயர்தான் அப்படி தம்பி, எதுவும் உடைவதில்லை. உலோகம் குளிரும்போது எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து கூப்பர் இணைகளாகின்றன. எல்லா இணைகளும் ஒரே ஃபேஸை, அதாவது அலையின் ஒரே கட்டத்தைப் பிடித்துக்கொள்கின்றன. எந்த ஃபேஸாகவும் இருந்திருக்கலாம், ஆனால் ஒன்றில் நிலைத்துவிட்டன. அதைத்தான் முறிவு என்கிறோம். 1911-இல் காமர்லிங் ஓனஸ் பாதரசத்தில் 4.2 கெல்வினில் கண்டது இந்த ரகம். வழக்கத்துக்கு மாறான மீக்கடத்திகளில் இதோடு இன்னொரு சமச்சீரும் சேர்ந்து போகும்.

பள்ளி ஆசிரியை: 'டி-அலை' என்கிறார்களே, எளிமையாகச் சொல்ல முடியுமா?

வாசலில் நாலு இதழ்க் கோலம் போடுங்கள் டீச்சர். எல்லா இதழும் வெள்ளை என்றால், கால் சுற்று திருப்பினாலும் அதே கோலம்தான். எதிரெதிராக இருக்கும் இரண்டு இதழுக்குச் செம்மண்ணும் மற்ற இரண்டுக்கு மாவும் இட்டால், கால் சுற்றில் நிறங்கள் இடம் மாறிவிடும். டி-அலை இணையும் அப்படித்தான். 90 பாகை திருப்பினால் இணையை விவரிக்கும் அலையின் கூட்டல் குறி கழித்தல் ஆகிவிடும்.

குறியைக் கண்ணால் பார்க்க முடியாதே! ஐபிஎம் ஆய்வகத்தில் ட்சுவேய், கிர்ட்லி குழுவினர் 1994-இல் ஒரு வழி கண்டார்கள். வெவ்வேறு கோணத்தில் திரும்பிய மூன்று படிகத் துண்டுகளை ஒட்டிய தளத்தின்மேல் இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு என்ற மீக்கடத்தியை வளர்த்து, மூன்றும் கூடும் முனையைச் சுற்றி ஒரு நுண்வளையம் செதுக்கினார்கள். வளையத்தை ஒருமுறை சுற்றி வந்தால் குறி ஒற்றைப்படைத் தடவை மாறும், கணக்கு இடிக்கும். அதைச் சரிக்கட்ட வளையம் தானாகவே மின்னோட்டத்தை ஓடவிட்டு, காந்தப் பாயக் குவாண்டத்தில் (மீக்கடத்தி வளையத்தில் காந்தப் பாயம் வழக்கமாக அடங்கும் அலகு) சரிபாதியைத் தன்னுள் வைத்துக்கொண்டது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இதுதான்.

முதுகலை மாணவி: மேடம், கேஜ் சமச்சீர் உண்மையில் முறிவதே இல்லை என்கிறார் எங்கள் பேராசிரியர். புத்தகம் முறிகிறது என்கிறது. யார் சரி?

பேராசிரியர். ஃபேஸை இடத்துக்கு இடம் வெவ்வேறாக மாற்றிக்கொள்ளும் கேஜ் சமச்சீர் நம் எழுத்துமுறையில் இருக்கும் மிகைதான். அது தானாக முறியாது என்று எலிட்சர் என்ற இயற்பியலர் 1975-இல் நிறுவினார். புத்தகம் சொல்வதும், மேலே நான் சொன்னதும் சுருக்கப் பேச்சு. தேர்வில் புத்தகத்தில் உள்ளதையே எழுதுங்கள்.

ஆய்வு மாணவர்: ஸ்ட்ரான்ஷியம் ருத்தனேட் பி-அலை என்றுதான் படித்தோம். இப்போது இல்லை என்கிறார்களே?

நானும் அப்படித்தான் படித்தேன்! பி-அலை என்றால், இணையை அரைச் சுற்று திருப்பினால் குறி மாறும். 1994-இல் ஜப்பானின் மயேனோ குழு இந்த ஆக்சைடு படிகத்தில் மீக்கடத்தலைக் கண்டது. தூய படிகத்தில் 1.5 கெல்வின். 1998-இல் இரண்டு முடிவுகள் வந்தன. ஒன்று மியூயான் (குட்டிக் காந்தம்போல நடக்கும் அடிப்படைத் துகள்) சோதனை: மீக்கடத்தியானதும் உள்ளே மெல்லிய காந்தப்புலம் முளைக்கிறது, கிட்டத்தட்ட பூமியின் புலம் அளவுக்கு. காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால் அந்தப் புலம் திசைமாறும், ஆகவே கால மீள்மைச் சமச்சீர் போய்விட்டது. மற்றொன்று, ரேடியோ துடிப்புகளால் அணுக்கருக்களை அதிரவைத்து அளக்கும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு: எலெக்ட்ரான்களின் ஸ்பின் காந்தமேற்பு (வெளிப்புலத்துக்கு அவற்றின் உள்ளார்ந்த சுழற்சி எவ்வளவு இணங்குகிறது என்பது) மீக்கடத்தியான பிறகும் குறையவில்லை. எதிரெதிர் ஸ்பின்கள் ஜோடி சேர்ந்திருந்தால் குறைந்திருக்க வேண்டும். ஆக, ஒரே பக்கம் சுழலும் பி-அலை இணை என்று முடிவு கட்டினார்கள். 2006-இல் ஸ்டான்ஃபோர்டில் அளந்த கெர் விளைவும் (எதிரொளிக்கும் ஒளியின் அதிர்வுத் தளம் லேசாகத் திரும்புவது) அதற்கு ஒத்துப்போனது.

2019-இல் கலிபோர்னியாவின் யூசிஎல்ஏ குழு அந்த ஒத்ததிர்வுச் சோதனையைத் திரும்பச் செய்தது. காந்தமேற்பு குறைந்தது! பழைய அளவீட்டில் ரேடியோ துடிப்புகளே மாதிரியைச் சூடாக்கி, மீக்கடத்தும் நிலையைக் கலைத்திருந்தன. 1998-இல் அளந்த குழுவினரே மறுபடி அளந்து ஒப்புக்கொண்டார்கள். அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம்.

ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்: இதில் தமிழர் பங்கு உண்டா, அம்மா?

உண்டு ஐயா. சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன், 1987-இல் அமெரிக்க இயற்பியலர் ஃபிலிப் ஆண்டர்சனோடு சேர்ந்து காப்பர் ஆக்சைடுகளுக்கான கோட்பாட்டில் உழைத்தவர். ருத்தனேட்டுக்கு பி-அலையை முன்மொழிந்தவர்களில் அவரும் ஒருவர்.

அதே ஆய்வு மாணவர்: அப்படியானால் கால மீள்மை முறிவும் பொய்யா?

அவசரப்படாதீர்கள். படிகத்தை ஒரு பக்கமாக அழுத்தினால் மீக்கடத்தல் 3.5 கெல்வின் வரை ஏறுகிறது. ஆனால் மியூயான் காட்டும் முறிவு கூடவே ஏறாமல் கீழேயே தங்கிவிடுகிறது. அப்படியென்றால் இரண்டு தனித்தனி மாற்றங்கள். இரண்டாவது மாற்றத்தில் வெப்ப ஏற்புத்திறன் துள்ள வேண்டும், அளந்தவர்களுக்கு அந்தத் துள்ளல் கிடைக்கவில்லை. கால மீள்மை முறிந்திருந்தால் படிகத்தின் விளிம்பில் ஓட வேண்டிய மின்னோட்டத்தைத் தேடிய கிர்ட்லிக்கும், ஆம், அதே கிர்ட்லிதான், எதுவும் அகப்படவில்லை. டி-அலையும், அதைவிட அதிகத் தடவை குறி மாறும் ஜி-அலையும் தற்செயலாக ஒன்றுகூடியிருக்கலாம் என்கிறது ஒரு தரப்பு. அந்தத் தற்செயலை நம்ப எனக்கு மனம் வரவில்லை. அதற்காக மியூயானைப் பொய் சொல்கிறது என்றும் தள்ள முடியவில்லை.