தடுப்பூசியையும் பரிசோதனையையும் ஏன் தள்ளிப்போடுகிறார்கள்? பண்புசார் ஆய்வு குறித்த கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் கணக்கெடுப்பில், பரிசோதனைக்கு வராதவர்களில் பெரும்பாலோர் 'நேரமில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார்கள். காரணம்தான் தெரிந்துவிட்டதே, இனி நேர்காணல் எதற்கு?

பதில்: 'நேரமில்லை' என்பது யாரும் மேற்கொண்டு கேட்க முடியாத, மரியாதையான பதில். அதனால்தான் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். அப்படிச் சொன்ன நான்கு பேரிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். ஒருவருக்கு மையம் திறந்திருக்கும் நேரமும் வேலை நேரமும் ஒன்றாக இருக்கும். இன்னொருவருக்குப் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருக்காது. மூன்றாமவருக்கு நேரம் தாராளமாக உண்டு. ஆனால் போன தடவை ஊழியர் அவருடைய எடையை வரிசையில் நின்றவர்கள் காதுபடச் சொன்னது இன்னும் மனதில் தைத்துக்கொண்டிருக்கும். நான்காமவருக்கு, முடிவில் ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். 'நேரமில்லை' என்ற பதிலை நம்பி மாலை நேரத்திலும் மையத்தைத் திறந்தால், முதலாமவர் மட்டும்தான் வருவார்.

மக்கள் ஏன் பரிசோதனைக்கு வருவதில்லை என்ற ஆராய்ச்சி பெரிதும் இப்படியொரு புதிரிலிருந்துதான் கிளைத்தது. 1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, காசநோயைக் கண்டறிய வாகனங்களை மக்கள் இருக்கும் இடத்துக்கே அனுப்பி இலவசமாக எக்ஸ்ரே எடுத்தது. அப்படியும் பலர் வரவில்லை. அதை ஆராய்ந்த ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் முதலிய சமூக உளவியலாளர்களின் வேலைதான், நோயைப் பற்றியும் பரிசோதனையின் பலனைப் பற்றியும் ஒருவர் நம்புவதை வைத்து அவர் நடத்தையை விளக்கும் 'உடல்நல நம்பிக்கை மாதிரி' ஆனது. தனக்கும் நோய் வரலாம், முன்கூட்டியே கண்டால் பலனுண்டு என்ற இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் தாமாகப் போய் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள், இரண்டையும் நம்பாதவர்களில் 21 சதவீதம் பேர்தான் எடுத்திருந்தார்கள் என்று ஹாக்பாம் 1958-இல் எழுதினார். நம்பிக்கை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த எண்களைக் காட்டுவார்கள். பண்புசார் ஆய்வு (எண்ணுவதற்குப் பதில் மக்களின் பேச்சையும் அனுபவத்தையும் கேட்டு ஆராய்வது) செய்பவருக்கு இதில் வேறு இரண்டு கூட்டம் கண்ணில் பட வேண்டும்: நம்பியும் போகாத 18 சதவீதம், நம்பாமலே போன 21 சதவீதம். எண்ணிக்கை கைவிரிக்கும் இடம் அதுதான்.

கணக்கெடுப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. முதலில் நேர்காணல்களை முடித்து, மக்கள் சொன்ன சொற்களையே கேள்வித்தாளின் விடைகளாக வையுங்கள். எந்தக் காரணம் எத்தனை பேருக்கு என்பதை அதன் பிறகு எண்ணலாம்.

கேள்வி: நேர்காணலில் 'ஏன் போகவில்லை?' என்று நேரடியாகக் கேட்கலாமா?

பதில்: தொடக்கத்தில் கேட்கவே கேட்காதீர்கள். 'ஏன்' என்றதும் எதிரில் இருப்பவர் தன் பக்க நியாயத்தைச் சொல்லத் தயாராகிவிடுவார். உண்மையில் நடந்தது பின்னுக்குப் போய், அந்த நிமிடத்தில் தோன்றிய கச்சிதமான காரணம் முன்னுக்கு வரும். அவர் பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருளில்லை. ஒன்றைச் செய்யாமல் விட்டதற்குப் பெரும்பாலும் மனதில் ஒரு தீர்மானமே இருந்திருக்காது. இல்லாத தீர்மானத்துக்குக் காரணம் கேட்டால், அவர் அதை அங்கேயே உருவாக்கித்தான் தர முடியும்.

நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக அழைப்பு வந்த நாளிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு அடியாக நகருங்கள். உரையாடல் இப்படிப் போகலாம்:

"லெட்டர் வந்ததும் என்ன பண்ணீங்க?"
"பிரிச்சுப் பார்த்துட்டு அலமாரி மேல வச்சேன்."
"அப்புறம்?"
"ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணேன். ரொம்ப நேரம் ரிங் போச்சு, யாரும் எடுக்கல."
"எடுக்கலைன்னதும்?"
"அவங்களுக்கே அவசரம் இல்ல போல, நமக்கென்னன்னு விட்டுட்டேன்."

கேள்வித்தாளில் இவர் 'மறந்துவிட்டேன்' என்று டிக் அடித்திருப்பார். ஆனால் இவர் மறக்கவில்லை, மறுக்கவும் இல்லை, ஒரு முறை முயன்றிருக்கிறார். எடுக்கப்படாத அந்தத் தொலைபேசியிலிருந்து 'இது அவ்வளவு முக்கியமில்லை' என்ற செய்தியை அவர் எடுத்துக்கொண்டார். விழிப்புணர்வுச் சுவரொட்டி எத்தனை ஒட்டினாலும் இது சரியாகாது.

கேள்விப் பட்டியலில் 8 முதல் 10 முதன்மைக் கேள்விகள் போதும். அதுவே 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை போகும். பதில் முடிந்ததும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். முக்கியமான பேச்சு பல சமயம் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். 'பயமாக இருந்ததா?' போன்ற கேள்விகளை அடித்துவிடுங்கள், ஏனென்றால் அதில் பதிலை நீங்களே ஊட்டுகிறீர்கள். 'போகாமல் இருப்பதில் உங்களுக்கு என்ன வசதி?' என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உடம்புக்காக அவர் தவறாமல் செய்யும் ஒரு வேலையைப் பற்றியும் கேளுங்கள். பல் துலக்குவதோ சீட் பெல்ட் போடுவதோ அவருக்கு எப்படிப் பழக்கமானது என்பதில், பரிசோதனை ஏன் பழக்கமாகவில்லை என்பதற்கான தடயம் இருக்கும். முதல் இரண்டு நேர்காணல்களைச் சோதனையாக எடுத்து, ஒலிப்பதிவில் உங்கள் குரலை மட்டும் கவனித்துக் கேளுங்கள். மொத்த நேரத்தில் கால்வாசிக்கு மேல் நீங்கள் பேசியிருந்தால் பட்டியலைத் திருத்துங்கள்.

கேள்வி: எத்தனை பேரிடம் பேசினால் போதும்?

பதில்: ஒரே தன்மையுள்ளவர்களின் குழுவுக்கு 12 நேர்காணல் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களில், பெரும்பாலான குறியீடுகள் (பேச்சின் பகுதிகளுக்கு ஆய்வாளர் இடும் சுருக்கப் பெயர்கள்) முதல் 12-க்குள் கிடைத்துவிட்டன. 2017-இல் ஹெனிங்க் குழுவினர் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். என்னென்ன விஷயங்கள் உண்டு என்பது 9 நேர்காணலில் தெரிந்தது. ஒவ்வொன்றின் உள் அர்த்தமும் பிடிபட 16 முதல் 24 வரை தேவைப்பட்டது. உங்கள் கேள்வி 'ஏன்' என்பதால் இரண்டாவது எண்ணை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள்.

எண்ணிக்கையைவிட யார் யார் என்பதில் அதிக நேரம் செலவிடுங்கள். ஒரு முறைகூடப் போகாதவர், போய்விட்டு நிறுத்தியவர், தாமதமாகப் போனவர் மூவரும் மூன்று விதம். முதல் தடுப்பூசியைப் போட்டுவிட்டு இரண்டாவதை விட்டவருக்குத் தடுப்பூசி மேல் அவநம்பிக்கை இருக்க வேண்டிய அவசியமில்லை. முதல் ஊசிக்குப் பிறகு வந்த காய்ச்சல் காரணமாக இருக்கலாம், அடுத்த தேதியை யாரும் எழுதித் தராததும் காரணமாக இருக்கலாம். அதே சிரமங்கள் இருந்தும் தவறாமல் போகும் நான்கைந்து பேரையும் கட்டாயம் சேருங்கள். அவர்கள் இல்லாவிட்டால், நீங்கள் கண்ட 'தடை' உண்மையிலேயே தடுத்ததா, எல்லோருக்கும் பொதுவான அலுப்பா என்று சொல்லவே முடியாது.

கேள்வி: பரிசோதனைக்கே வராதவர்கள் நேர்காணலுக்கு மட்டும் எப்படி வருவார்கள்?

பதில்: சேவையை எட்டவிடாமல் தடுத்தது எதுவோ, அதுவே உங்கள் நேர்காணலையும் தடுக்கும். மருத்துவமனை அறையில் காலை 11 மணிக்கு நேர்காணல் வைத்தால், மருத்துவமனைக்குக் காலை 11 மணிக்கு வரக்கூடியவர்கள்தான் கிடைப்பார்கள். இடத்தையும் நேரத்தையும் அவர்களே சொல்லட்டும். தொலைபேசி நேர்காணலைக் குறைவாக எண்ண வேண்டாம். கூச்சமான விஷயங்களை முகம் பார்க்காமல் பேசுவது பலருக்கு எளிது.

அழைப்பில் 'தவறவிட்டவர்கள்', 'மறுத்தவர்கள்' என்ற சொற்களே வரக் கூடாது. 'இந்தப் பரிசோதனையைப் பற்றிப் பலர் பலவிதமாக நினைக்கிறார்கள், உங்கள் அனுபவத்தைக் கேட்க விரும்புகிறோம்' என்பது போதும். ஒருவர் மூலம் இன்னொருவர் என்று ஆள் சேர்த்தால், ஒவ்வொருவரிடமிருந்தும் இரண்டு பேருக்கு மேல் எடுக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒரே நட்பு வட்டத்தின் பேச்சுதான் திரும்பத் திரும்பப் பதிவாகும். பதிவேட்டை மட்டும் நம்பினால், பெயரே பதியாதவர்கள் முழுவதுமாக விடுபட்டுப் போவார்கள்.

கேள்வி: குழு விவாதம் நல்லதா, தனி நேர்காணலா?

பதில்: ஊரறியச் சொல்லக்கூடியது எது என்பதைக் குழு காட்டும். வதந்தி எப்படிப் பரவுகிறது, எதற்கு எல்லோரும் தலையாட்டுகிறார்கள் என்று பார்க்க 6 முதல் 8 பேர் கொண்ட குழு, ஒன்றரை மணி நேரம். உடல் கூச்சம், பணமுடை, குடும்பத்தில் யார் தடுத்தார் என்பதெல்லாம் தனியாகத்தான் வரும். கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிக் குழுவில் கேட்டு, 'வலிக்கும் என்கிறார்கள்' என்பதோடு நிறுத்திக்கொண்ட ஆய்வு பாதி ஆய்வுதான்.

கேள்வி: நான் செவிலியர். நானே நேர்காணல் எடுக்கலாமா? தவறான தகவலைச் சொன்னால் திருத்த வேண்டாமா?

பதில்: நீங்கள் கவனித்துக்கொள்பவர்களிடம் எடுக்காதீர்கள். நாளை உங்களிடமே ஊசி போட வேண்டியவர், உங்கள் மையத்தைப் பற்றி மனம் திறக்க மாட்டார். சம்மதம் கேட்டால் மறுக்கவும் தயங்குவார். மற்றவர்களிடம் எடுக்கலாம். சீருடை வேண்டாம். செவிலியர் என்பதை மறைக்கவும் வேண்டாம்.

திருத்த வேண்டும் என்று கை பரபரக்கும், புரிகிறது. ஆனால் நடுவில் திருத்தினால் அந்த நிமிடத்திலிருந்து அவர் தேர்வு எழுதத் தொடங்கிவிடுவார். 'அதை எங்கே கேள்விப்பட்டீர்கள்?', 'கேட்டதும் என்ன தோன்றியது?' என்று தொடருங்கள். ஒலிப்பதிவை நிறுத்திய பிறகு சரியான தகவலைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் எழுந்து வருவது நெறியாகாது. ஒரே விலக்கு: இருமலில் ரத்தம், மார்பில் கட்டி போல உடனே பார்க்க வேண்டிய அறிகுறியை அவர் சொன்னால் ஆய்வு இரண்டாம் பட்சம். யாரிடம் அனுப்புவது என்பதை ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்குத் தரும் விண்ணப்பத்திலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: 18 நேர்காணல்களின் எழுத்துப்படியும் தயார். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

பதில்: ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க 4 முதல் 6 மணி நேரம் ஆகும். எனவே பலரும் எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்து, இப்படி மலைத்துப் போகிறார்கள். அடுத்த ஆய்விலாவது மூன்றாவது நேர்காணல் முடிந்ததும் பகுப்பாய்வைத் தொடங்குங்கள். அங்கே தெரிந்ததைக் கொண்டு நான்காவதைக் கூர்மையாக்கலாம்.

இப்போதைக்கு, மிக வளமான மூன்றை எடுத்துக் குறியிடாமல் இரண்டு முறை படியுங்கள். பிறகு வரி வரியாகக் குறியீடு. 'பயம்' என்று ஒற்றைச் சொல்லாக எழுதாமல், 'முடிவு தெரிந்தால் வேலை போகும் என்று அஞ்சுகிறார்' என்று நடப்பது தெரிய எழுதுங்கள். அடுத்து ஒவ்வொரு நபருக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு கருப்பொருளுக்கும் (பல குறியீடுகளைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும் பொதுக் கருத்து) ஒரு நெடுவரிசை என்று அட்டவணை போடுங்கள். அவர் சொன்ன காரணத்துக்கு ஒரு கட்டமும், அவர் விவரித்த நிகழ்வுகளின் வரிசைக்கு வேறொரு கட்டமும் ஒதுக்குங்கள். இரண்டும் ஒத்துப்போகாத நபர்களை அதிகம் படியுங்கள்.

அடிக்கடி நடக்கும் கோளாறு, கேள்விப் பட்டியலின் தலைப்புகளையே கருப்பொருளாக்குவது. 'தடைகள்', 'குடும்பம்', 'விழிப்புணர்வு' எல்லாம் வெறும் பெட்டிகள். கருப்பொருள் ஒரு முழு வாக்கியமாக நிற்க வேண்டும்: 'நன்றாக இருக்கும் உடம்பைப் பரிசோதிப்பது வம்பை விலைக்கு வாங்குவது' என்பது போல. நடத்தைக்கான காரணங்களைத் திறன், வாய்ப்பு, உந்துதல் என்று பிரிக்கும் காம்-பி மாதிரி (மிச்சி குழுவினர், 2011) பயனுள்ளதுதான், ஆனால் அதைக் கடைசியில் பொருத்துங்கள். முதலிலேயே கையில் எடுத்தால் மூன்று பெட்டியையும் நிரப்புவதிலேயே கவனம் போய்விடும். பேசிய மொழியிலேயே குறியிட்டு, அறிக்கைக்குத் தேவையான மேற்கோள்களை மட்டும் மொழிபெயர்க்கவும்.

கேள்வி: 20 பேரில் 12 பேர் பயத்தைச் சொன்னார்கள். 60 சதவீதம் என்று எழுதலாமா?

பதில்: கூடாது. வேறுபாடு தெரிய வேண்டும் என்று நீங்களே பொறுக்கி எடுத்த 20 பேர் அவர்கள். மக்கள்தொகையைப் பற்றி அந்தச் சதவீதம் எதுவும் சொல்லாது.

கேள்வி: கண்டுபிடிப்புகளை நிர்வாகம் ஏற்கும்படி எப்படித் தருவது?

பதில்: அழைப்பு வருதல், புரிதல், முடிவெடுத்தல், நேரம் பதிதல், வந்து சேருதல், பரிசோதனை, முடிவு கைக்கு வருதல், மறுமுறை வருதல் என்று ஒரு சங்கிலி வரையுங்கள். ஒவ்வொருவரும் எந்தக் கண்ணியில் அறுந்தார் என்று குறியுங்கள். பக்கத்தில் அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்று எழுதுங்கள். தொலைபேசி எடுக்கப்படாதது ஒருவருடைய பொறுப்பு, எடையை உரக்கச் சொல்வது இன்னொருவருடையது. உங்கள் பரிந்துரைகளில் பாதிக்கு மேல் 'விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்' என்று முடிந்தால் பகுப்பாய்வுக்கே திரும்பிப் போங்கள். சேவையின் குறை அங்கே மக்களின் அறியாமையாக எழுதப்பட்டிருக்கும்.

மாற்றத்தை அமலாக்கும் முன் ஐந்தாறு பேரிடம் காட்டுங்கள். புதிய அழைப்புக் கடிதத்தைக் கையில் கொடுத்து, மனதில் தோன்றுவதைச் சொல்லிக்கொண்டே படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் தடுக்கிறது, எதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார், அழைக்க வேண்டிய எண்ணைத் தேட வேண்டியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். தேடினால், எண்ணை மேலே கொண்டுவந்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள்.