'எக்ஸ்ட்ரா பேஸ்' இயர்போன்: வாங்குமுன்னும் வாங்கிய பின்னும்

'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று போட்டிருந்ததை நம்பி 1,200 ரூபாய்க்கு வயர் இயர்போன் வாங்கினேன். பேஸே (கனத்த கீழ் ஒலி) இல்லை. டூப்ளிகேட்டா? – திண்டுக்கல் வாசகர்

அந்த முடிவுக்கு வருமுன் இயர்போன் நுனியில் மாட்டியிருக்கும் ரப்பர் முனையை ('பட்') மாற்றிப் பாருங்கள். பாட்டு ஓடும்போது இயர்போனை விரலால் லேசாக உள்நோக்கி அழுத்துங்கள். பேஸ் சட்டென்று ஏறினால் பட் உங்கள் காதை அடைக்கவில்லை என்று அர்த்தம். மெல்லிய இடைவெளி இருந்தாலும் முதலில் காணாமல் போவது கீழ் ஒலிகள்தான். குரல் அப்படியே கேட்கும். பெட்டியில் பெரும்பாலும் மூன்று அளவு இருக்கும். எல்லோரும் மாட்டிவரும் நடு அளவோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றும் இல்லை. மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு சொருகுங்கள். எல்லா அளவும் போட்டுப் பார்த்தும் பேஸ் வரவில்லையென்றால் பொருளைச் சந்தேகப்படலாம்.

டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் சிறு ஸ்பீக்கர்) 14 மி.மீ. என்றால் 10 மி.மீ.யை விட பேஸ் கூடுதலா? – நாமக்கல் வாசகர்

அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 14 மி.மீ. டிரைவர் உள்ளவற்றில் பல, காதை அடைக்காமல் வெளியே உட்காரும் வகை. அவற்றில் ஆழமான பேஸ் குறைவாகத்தான் இருக்கும்.

பேஸ் பயங்கரமாக இருக்கிறது, ஆனால் பாட்டு வரி புரியவில்லை. கடையில் எப்படிச் சோதித்து வாங்குவது? – தஞ்சாவூர் வாசகர்

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான்.

பேஸில் இரண்டு பகுதி உண்டு. சுமார் 20 முதல் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற அளவு) வரை ஆழமான உறுமல். 60 முதல் 250 வரை டிரம்மின் அடி, பேஸ் கிட்டார், ஆண் குரலின் அடித்தளம். மலிவான செட்டுகளில் இந்த இரண்டாவது பகுதியைத்தான் கண்டபடி ஏற்றிவிடுகிறார்கள். கடையில் அரை நிமிடம் கேட்டால் அசத்தும். வீட்டுக்கு வந்தால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். கீழ் ஒலி பலமானால் அதற்கு மேலுள்ள மெல்லிய ஒலிகளைக் காது தவறவிடும். அதனால்தான் வரி புரியவில்லை. நீங்களும் வால்யூமை ஏற்றுகிறீர்கள்.

கடைக்குப் போகுமுன் போனில் ஒலியை மாற்றிக் காட்டும் ஈக்வலைசர், டால்பி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். நன்கு தெரிந்த பாட்டுகளை டவுன்லோடு செய்து கொண்டுபோங்கள். அதில் ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனமும் இருக்கட்டும். தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) கும்கி கொடுக்கும்போது, அதாவது தோலை அழுத்தித் தேய்க்கும்போது, ஒலி வழுக்கி ஏறுவது தெளிவாகக் கேட்க வேண்டும். எல்லா அடியும் ஒரே 'தொம்' என்று விழுந்தால் அந்த பேஸ் வெறும் வீக்கம். அடி விழுந்ததும் ஒலி நிற்கிறதா, அடுத்த அடி வரை இழுக்கிறதா என்றும் கவனியுங்கள். பிறகு பெண் குரல் ஒன்று: தாளம் நுழைந்ததும் குரல் பின்னால் போனால் வேண்டாம். இரண்டு மாடலை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள், ஏனென்றால் சத்தம் கூடுதலானது எப்போதும் நல்லதாகவே தோன்றும்.

பெட்டியில் உள்ள '20 – 20,000 ஹெர்ட்ஸ்' வரியை விட்டுவிடுங்கள். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சேர்த்துச் சொல்லாதவரை அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. 300 ரூபாய் செட்டிலும் அதேதான் அச்சிட்டிருக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒரு செட் போகிறது. எப்போதும் ஒரு பக்கம் செத்துவிடும். – ஓசூர் வாசகர்

வயர் வளையும் மூன்று இடங்களைப் பாருங்கள்: ஜாக்கின் கழுத்து, இரண்டாகப் பிரியும் இடம், இயர்பீசுக்குள் நுழையும் இடம். மூன்றிலும் வளைந்துகொடுக்கும் ரப்பர் கழுத்து இருக்க வேண்டும். கெட்டி பிளாஸ்டிக் என்றால் அதன் விளிம்பிலேயே உள்ளே கம்பி அறும். நான் வாங்கி வீணானவை பெரும்பாலும் ஜாக்கின் கழுத்தில்தான் போயின. வயரைக் கழற்றி மாட்டும் மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள், வயர் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். போனைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள்.

தூக்கிப் போடுமுன் ஒரு சோதனை. வயரை அசைத்தால் சத்தம் விட்டு விட்டு வந்தால் குறை கம்பியில். அசைத்தாலும் மாற்றமில்லை, சத்தம் மட்டும் மங்கல் என்றால் காது அழுக்கு, இயர்போன் வாயில் உள்ள வலையை அடைத்திருக்கலாம். அந்த வாய்ப்பகுதியைக் கீழ்நோக்கிப் பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். ஊசி கூடாது, வலை கிழியும். இயர்போன் உடலில் உள்ள ஊசித்துளையையும் அடைக்காதீர்கள். அது காற்றுப் போக வைத்த வழி, அடைபட்டால் பேஸ் மாறிவிடும்.

பஸ் ஸ்டாண்டில் பிரபல கம்பெனி புளூடூத் இயர்போன் 350 ரூபாய்க்கு வாங்கினேன், பில் தரவில்லை. சார்ஜ் நிற்கவில்லை. வாரண்டி கிடைக்குமா? – சேலம் வாசகர்

கிடைக்காது. பில் கேட்டிருக்க வேண்டும். பெட்டியில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் R என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் கம்பெனி பெயர் வந்துவிடும். சார்ஜ் நிற்காத பேட்டரியை இனி காதில் வைக்காதீர்கள்.

புது செட்டில் வலது பக்கம் சத்தம் குறைவு. மறுநாளே போனேன். 'காதில் வைத்ததை வாங்க மாட்டோம், பில்லிலேயே போட்டிருக்கிறது' என்று விரட்டிவிட்டார்கள். – விருதுநகர் வாசகர்

நீங்கள் செய்தது அத்தனையும் சரி. விரட்டியவர்கள்தான் தவறு.

முதலில் குறையை உறுதி செய்யுங்கள். இடது, வலதை மாற்றி மாட்டுங்கள். சத்தக் குறைவு மறு காதுக்கு மாறினால் குறை இயர்போனிலோ போனிலோ. வேறு போனிலும் அப்படியே என்றால் இயர்போன்தான். இதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(47)-ன்படி, பழுதான பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் காலம் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சிட்டுவிட்டால் பழுதான பொருளைத் தள்ளிவிடும் உரிமை வந்துவிடாது. பில் நகலோடு கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்யலாம்.

ஆன்லைனில் வாங்கிய செட்டில் பேஸ் கரகரக்கிறது. 100 மணி நேரம் ஓடவிட்டால் சரியாகும் என்கிறார் விற்றவர். திருப்பிக் கொடுக்க 7 நாள்தான் அவகாசம். – காரைக்குடி வாசகர்

கரகரப்பு ஓடி ஓடிச் சரியாவதில்லை. டிரைவரின் சவ்வு எங்கோ உரசுகிறது, அல்லது உள்ளே தூசி. இன்றே ரிட்டர்ன் போடுங்கள்.