டர்போ போய்விட்டது என்கிறாரா மெக்கானிக்? முதலில் இ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2014 மாடல் 1.3 லிட்டர் டர்போ டீசல் கார் இருக்கிறது. 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் காட்பாடியிலிருந்து சத்துவாச்சாரிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். சில வாரங்களாகப் பிக்கப் சுத்தமாக இல்லை. காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏறும்போது கரும்புகை தள்ளுகிறது, இன்ஜின் லைட்டும் எரிகிறது. ஒரு மெக்கானிக் டர்போ போய்விட்டது என்கிறார். இன்னொருவர் இ.ஜி.ஆர். வால்வை மாற்ற வேண்டும் என்கிறார். மூன்றாமவர், தகடு வைத்து வால்வை அடைத்துவிட்டால் செலவே இல்லை என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இப்படியே ஏலகிரி வரை போய் வரலாமா?

பதில்: மூவரில் இரண்டாமவர் சொல்வதே உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் வால்வை மாற்றத்தான் வேண்டுமா என்பது அதைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு முடிவாக வேண்டிய விஷயம். மூன்றாமவர் பக்கம் போகவே போகாதீர்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஏலகிரி இப்போது வேண்டாம். 14 கொண்டை ஊசி வளைவுகளில், இழுவையில்லாத வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவது சரியில்லை.

இ.ஜி.ஆர். (புகை மறுசுழற்சி) வால்வின் வேலை எளிமையானது. இன்ஜினிலிருந்து வெளியே போகும் புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே அனுப்புகிறது. அதனால் சிலிண்டருக்குள் எரியும் சூடு குறைகிறது, சூடு குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு குறைவாக உருவாகிறது. ஆனால் புகையோடு கரியும் வருகிறது. இன்ஜினின் மூச்சுக்குழாய் வழியாக வரும் எண்ணெய் ஆவியும் அந்தக் கரியும் சேர்ந்து தார் போல வால்வில் அப்பிக்கொள்ளும். நீங்கள் தினமும் ஓட்டும் பாதை இதற்குத் தோதானது: சில கிலோமீட்டர்தான், அதிலும் கிரீன் சர்க்கிள் சிக்னலில் பாதி நேரம் ஐடிலிங். இன்ஜின் நன்றாகச் சூடேறி ஒரே சீராக ஓட வாய்ப்பே இல்லை. வால்வு ஒருநாள் பாதி திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். வேண்டாத நேரத்தில் புகை உள்ளே போனால் நல்ல காற்றுக்கு இடம் குறையும், டீசல் அரைகுறையாக எரியும், கரும்புகை வரும்.

டர்போ போய்விட்டது என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்தான் டர்போ. உங்களுடையது போன்ற இன்ஜின்களில் இ.ஜி.ஆர். குழாய், டர்போவுக்கு முன்னாலேயே புகையைப் பிரித்து எடுக்கிறது. வால்வு திறந்தே கிடந்தால் டர்போவின் சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய புகை வேறு வழியில் போய்விடும். டர்போ நன்றாக இருந்தும் அழுத்தம் வராது, இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் ‘பூஸ்ட் குறைவு’ (காற்றழுத்தம் குறைவு) என்று பி0299 என்ற கோளாறுக் குறியீடு, அதாவது கோடு, விழும். அந்த ஒரு கோடை மட்டும் காட்டி முழு டர்போவையும் விற்றுவிடுகிறார்கள். உண்மையிலேயே டர்போ போயிருந்தால் பெரும்பாலும் நீலப்புகை வரும், இன்ஜின் ஆயில் குறையும். ஹோஸைக் கழற்றி உள்ளே இருக்கும் சக்கரத்தை விரலால் அசைத்துப் பார்த்தால் முன்னும் பின்னும் ஆடும், அல்லது இறக்கை சுவரில் உரசிய தடம் இருக்கும். பக்கவாட்டில் மிக லேசான ஆட்டம் இருப்பது இயல்புதான், அதைக் காட்டிப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். டர்போவிலிருந்து, காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருந்தாலும் இதே கரும்புகையும் இழுவைக் குறைவும் வரும். கிளாம்ப் பக்கத்தில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆகவே முதல் வேலை ஸ்கேனர். கோடை மட்டும் படித்தால் போதாது. பி0401 என்றால் புகை ஓட்டம் குறைவு, பி0402 என்றால் அதிகம், அவ்வளவுதான். வால்வை இன்ஜின் கம்ப்யூட்டர் எவ்வளவு திறக்கச் சொல்கிறது, அது எவ்வளவு திறக்கிறது என்ற இரண்டு எண்களையும் வண்டி ஓடும்போதே திரையில் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க வேண்டும். மூடச் சொன்ன பிறகும் திறந்தே நின்றால் சந்தேகம் உறுதி. இதைக் காட்டத் தெரியாதவரிடம் வண்டியை விடாதீர்கள்.

அப்புறம் கழற்றிப் பார்ப்பது. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட வேண்டும். பத்து வருடச் சூட்டில் போல்ட்கள் இறுகியிருக்கும். முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைக்காமல் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் போல்ட் உள்ளேயே உடைந்துவிடும், அதை எடுக்கும் செலவு வேறு. வால்வு வெளியே வந்ததும் கார்ப் கிளீனர் அடித்து மெல்லிய பிரஷால் கரியைக் கரைக்கலாம். மருந்து மோட்டார் பகுதிக்குள் போகக் கூடாது, ஸ்க்ரூடிரைவரால் சுரண்டக் கூடாது. வால்வு உட்காரும் வளையத்தில் ஒரு கீறல் விழுந்தாலே மறுபடி முழுசாக மூடாது. பெரும்பாலான வால்வுகளில் தண்டை விரலால் அழுத்தினால் இறங்கி, விட்டதும் டக்கென்று மேலே வந்து உட்காரும். சுத்தம் செய்த பிறகும் அது மந்தமாக ஏறினாலோ, மோட்டாரின் பல் தேய்ந்திருந்தாலோ, நிலையைச் சொல்லும் சென்சார் தப்பான எண் காட்டினாலோ, அப்போது மாற்றலாம். வால்வைக் கழற்றாமலேயே காற்று வழியில் மருந்து அடித்துக் கரி எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். கெட்டியாக அப்பிய கரி அதில் போகாது.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் நீட்டிச் சொல்ல வேண்டும், இதில்தான் பெரிய பணம் போகிறது. வால்வுக்குப் போகும் புகையை ஆற்ற இ.ஜி.ஆர். கூலர் என்று ஒரு பெட்டி உண்டு. அதற்குள் ஒரு பக்கம் புகை, மறு பக்கம் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். சூட்டில் அதன் தகடு வெடித்தால் கூலன்ட் புகைப் பக்கம் கசிந்து இன்ஜினுக்குள் போய்விடும். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் தெரியாது, ஆனால் டேங்கில் அளவு இறங்கிக்கொண்டே இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப்புகை இனிப்பான வாடையோடு வரும். இதே அறிகுறிகள் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போனாலும் வரும் என்பதால் பலர் நேராக ஹெட்டைக் கழற்றிவிடுகிறார்கள். ஹெட் இறங்கிவிட்டால் லேத்துக்கு அனுப்புவது, கேஸ்கெட், டைமிங், ஆயில் என்று பில் நீண்டுகொண்டே போகும். கடைசியில் கோளாறு கூலரில்தான் இருந்தது என்று தெரியும். அதனால் உங்கள் கூலன்ட் அளவை இன்றே பார்த்துக் குறித்து வையுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது, மூடியைத் திறக்காமல், வெளியே உள்ள கோட்டைப் பார்த்தாலே போதும். ஒரு வாரத்தில் குறைந்தால், ஹெட்டில் கை வைக்கும் முன் கூலரைத் தனியாகக் கழற்றி, ஒரு வாயை அடைத்து மறு வாயில் காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழி வந்தால் கூலர்தான். அந்த நிலையில் வால்வை மட்டும் புதிதாகப் போடுவது வீண், கூலன்ட் இறங்கும் வண்டியை ஓட்டுவதும் ஆபத்து.

இனி அந்தத் தகடு விஷயம். அடைத்ததும் வண்டி நன்றாக இழுக்கும், உண்மைதான். சில நாளில் லைட் மறுபடி எரியும். அதை அணைக்க லேப்டாப்போடு ஒருவர் வருவார், கம்ப்யூட்டரிலேயே இ.ஜி.ஆரை அழித்துவிடுவார், அதற்கும் பணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இப்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். தண்டனை உங்களுக்கு, அடைத்துக் கொடுத்தவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. ஆனால் இதைப் பிடிக்க வேண்டிய புகைப் பரிசோதனையில் டீசல் வண்டிக்கு என்ன அளக்கிறார்கள்? புகையின் கருமையை மட்டும். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. வால்வை அடைத்தால் கருமை குறையத்தான் செய்யும். நச்சு வாயு கூடிய வண்டிக்கு ‘பாஸ்’ என்று சான்றிதழ் கொடுக்கும் முறையை இத்தனை வருடமாக வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பொறுக்க முடியாத விஷயம். கரி அப்பிய வால்வைச் சுத்தம் செய்து ஒழுங்காக ஓட்டுபவருக்கும் அதே காகிதம், அடைத்தவருக்கும் அதே காகிதம் என்றால் எதற்கு அந்தச் சோதனை?

மாற்றியே ஆக வேண்டும் என்று வந்தால், உங்கள் பழைய வால்வின் லேபிளில் உள்ள எண்ணை வேலை தொடங்கும் முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்கரில் அடையாளம் போட்டால் கார்ப் கிளீனரில் கரைந்துவிடும். உங்கள் வால்வையே கழுவிப் பளபளப்பாக்கி, புதியது என்று மாட்டிப் பில் போடுபவர்கள் இருக்கிறார்கள். புதிய வால்வில் போல்ட் ஓட்டையைச் சுற்றி எந்த வளையத் தடமும் இருக்காது. கழுவிய பழசில் அந்த வளையம் அழியாது, உள்மூலைகளில் பழுப்புக் கறையும் மிஞ்சும். சென்னை புதுப்பேட்டையில் உடைத்த வண்டியிலிருந்து வரும் வால்வும் வேண்டாம், அதற்குள் ஏற்கெனவே எவ்வளவு கரி குடியேறியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பாகத்தை நீங்களே வேலூரில் இரண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் எண்ணைச் சொல்லி விலை கேளுங்கள். இடையில் கமிஷன் எவ்வளவு ஏறுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

மாட்டும்போது கேஸ்கெட் புதிதாக இருக்க வேண்டும், பழையதன் மேல் சிலிக்கான் பேஸ்ட் தடவி ஒப்பேற்ற விடாதீர்கள். கூலன்ட் இறக்கியிருந்தால் திரும்ப நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். கோடை அழித்து, புது வால்வின் மூடிய நிலையை ஸ்கேனர் மூலம் கம்ப்யூட்டருக்குப் பழக்க வேண்டும். பல ஒர்க்‌ஷாப்களில் இதை விட்டுவிட்டு, ஒரு வாரத்தில் லைட் எரிந்ததும் வால்வு டூப்ளிகேட் என்று கடைக்காரரைக் கைகாட்டுகிறார்கள். பிறகு மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு பெங்களூர் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா டோல் வரை, இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்குக் குறையாமல் ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்து ஸ்கேனரில் வால்வு திறப்பைக் காட்டும் அந்த இரண்டு எண்களும் ஒத்துப்போனால் பணத்தைக் கொடுங்கள். பழைய வால்வைக் கையில் வாங்கிக்கொண்டு, புதியதன் எண்ணையும் ஜி.எஸ்.டி. பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.