படுத்த படுக்கையானால் பாலிசி கைகொடுக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, சர்க்கரை உண்டு. அம்மாவுக்கு 61. மன்னார்குடி பக்கத்துக் கிராமத்தில் இருவரும் தனியே இருக்கிறார்கள், நான் சென்னையில். 5 லட்சத்துக்கு மெடிக்கல் பாலிசி எடுத்தால், படுக்கையில் விழுந்தாலும் ஆள் வைத்துப் பார்க்கும் செலவு கிடைக்கும் என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். பாலிசியில் விலக்குகள் பகுதியைப் புரட்டி, 05 என்ற எண்ணிட்ட விலக்கைப் படியுங்கள். குளிப்பாட்ட, உடை மாற்ற, கைத்தாங்கலாக நடத்த ஆகும் செலவு கிடையாது என்றிருக்கும். வீடோ காப்பகமோ, நர்ஸோ வேலையாளோ, எல்லாம் ஒன்றுதான். இது காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது வாசகம் என்பதால் கம்பெனி மாற்றிப் பார்த்தும் பெரிய பயன் இல்லை.

ஏஜென்ட் மனதில் இருப்பது அநேகமாக ‘வீட்டிலேயே சிகிச்சை’ என்ற பிரிவு. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நோயாளியை நகர்த்த முடியாமலோ, படுக்கை கிடைக்காமலோ வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்தால் அதற்கான பணம் அது. பராமரிப்புக்கு அல்ல.

கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி, அதாவது பட்டியலிட்ட கடும் நோய்களுக்கான பாலிசி, மொத்தத் தொகையாகத் தரும். ஆள் கூலிக்கும் செலவழிக்கலாம். ஆனால் பக்கவாதம் என்றால், பாதிப்பு குறைந்தது 3 மாதம் நீடித்ததற்குச் சான்று கேட்பார்கள். கையில் காசு வேண்டிய முதல் மூன்று மாதம் உங்கள் பாடு. கொல்லைப்புறத்தில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தால் பொதுவாக அந்தப் பட்டியலிலேயே வராது.

அதற்காக மெடிக்கல் பாலிசியை விட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரி பில்லுக்கு அது வேண்டும். சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். 2024 ஏப்ரல் முதல் பழைய நோய்க்குக் கிளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் 36 மாதத்துக்கு மேல் போகாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் வாங்கிவிடுங்கள்.

பிரீமியத்தை நெல் விற்ற காசில் கட்டுவதாக இருந்தால் பாலிசியை மாசியில் தொடங்குங்கள். சம்பா பணம் கையில் இருக்கும். ஐப்பசியில் தவணை வந்தால் நடவுச் செலவோடு மோதும். தவணை தாண்டி 30 நாள் அவகாசம் உண்டுதான். ஆண்டுப் பிரீமியம் கட்டாத அந்த நாட்களில் ஏதாவது நேர்ந்தால் கிளெய்ம் கிடைக்காது. அவகாசத்தையும் தவறவிட்டால் அந்த 36 மாதக் காத்திருப்பு முதலிலிருந்து ஓடும்.

பராமரிப்புக்குத் தனிப்பணம் சேர்ப்பதே வழி. தபால் நிலைய மூத்த குடிமக்கள் திட்டத்தில் 5 லட்சம் போட்டால், 8.2% வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 ரூபாய் வரும். அவசரத்துக்கு இரண்டு வருடம் கழித்து முடித்தால் அசலில் 1% பிடிப்பார்கள். இயன்முறை சிகிச்சைக்கும் வலி நிவாரணத்துக்கும் வீட்டுக்கே வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்றா? பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அதற்கு முன், ஏஜென்ட் சொன்னதைக் கம்பெனிக்கு மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.