கல்பாசி, கருப்பட்டி, சொதி, கூழ்: வந்த கேள்விகளும் என் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "இதற்குப் பதிலாக எதைப் போடலாம்" ரகம்தான். அதைக் கேட்பதற்கு முன்னால் அந்தச் சரக்கு குழம்பில் என்ன வேலை பார்க்கிறது என்று கவனியுங்கள். சில இடத்தில் தாராளமாக மாற்றலாம், சில இடத்தில் மாற்றுவதைவிட வேறு எதையாவது சமைப்பது மேல்.

செட்டிநாட்டுக் குழம்புக்கு என்று கல்பாசி வாங்கினேன். காய்ந்த மரப்பட்டை மாதிரி சுருண்டு கிடக்கிறது, வாசனையே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

இல்லை, கல்பாசி பார்க்க அப்படித்தான் இருக்கும். பாறையிலும் மரப்பட்டையிலும் படர்கிற பொருள் அது, பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழ்கிற ஓர் உயிர். அப்படியே மோந்தால் லேசான மண்வாசனைதான் வரும், சூடான எண்ணெய் பட்டால்தான் மணம் கிளம்பும். அதனால் தாளிக்கும்போது பட்டை, சோம்போடு போடுங்கள், அல்லது மசாலா வறுக்கும்போது கடைசியாகச் சேர்த்து இறக்குங்கள். நாலு பேர் சாப்பிடுகிற குழம்புக்குப் பெரிய இதழ் ஒன்று போதும். வாசனை போதவில்லையே என்று கைப்பிடி அள்ளிப் போட்டால் குழம்பு கசக்கும். போடுவதற்கு முன் ஒட்டியிருக்கிற பட்டைத் துணுக்கு, கல் எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள்.

கிடைக்காவிட்டால்? விட்டுவிடுங்கள். இதற்கு மாற்று கிடையாது, பிரிஞ்சி இலையைப் போட்டுச் சமாளிக்க வேண்டாம், அது வேறு வாசனை. மிளகும் சோம்பும் புதிதாக அரைத்ததாக இருந்தால் குழம்பு கல்பாசி இல்லாமலே நன்றாக இருக்கும். அப்புறம், கூடவே கேட்டிருந்த மராட்டி மொக்கு: பெரிய கிராம்பு மாதிரி தெரிந்தாலும் கிராம்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, இலவ மரத்தின் காய்ந்த மொட்டு அது.

கருப்பட்டியில் சீனி கலக்கிறார்கள் என்கிறார்களே, வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? சர்க்கரை நோய்க்காரர்கள் சாப்பிடலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் ஆபத்து. கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது நாம் காப்பியில் போடுகிற அதே சர்க்கரை. கொஞ்சம் தாது உப்புகள் கூட இருக்கின்றன, ருசி அதிகம், அதற்காக அது மருந்தாகிவிடாது. "நாட்டுச் சரக்கு, ஒன்றும் செய்யாது" என்று டம்ளர் டம்ளராகக் கருப்பட்டிக் காப்பி குடிக்கிறவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கலப்படத்துக்கு வருவோம். தண்ணீரில் கரைத்துப் பார், நாக்கில் வைத்துப் பார் என்று ஊருக்கு ஒரு சோதனை சொல்வார்கள், எதையும் முழுதாக நம்ப முடியாது. சீனியும் சர்க்கரை, பதநீரில் இருப்பதும் சர்க்கரை, இரண்டும் ஒரே மாதிரிதான் கரையும். என்னைக் கேட்டால் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி இறக்குவது பதநீர், சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். அந்தப் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய எட்டிலிருந்து பத்து லிட்டர் வேண்டும். ஒருவர் காலையும் மாலையும் மரம் ஏறி இறங்க வேண்டும், விறகெரித்து மணிக்கணக்காகக் காய்ச்ச வேண்டும். இத்தனையும் செய்து சீனியை விடக் கொஞ்சமே அதிக விலைக்கு ஒருவர் கொடுக்கிறார் என்றால் எங்கேயோ இடிக்கிறது, இல்லையா? உடன்குடிப் பக்கமோ வேம்பார்ப் பக்கமோ தெரிந்தவர் இருந்தால் பதநீர் இறங்குகிற கோடையில் சொல்லிவைத்து வருஷத்துக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளுங்கள். ஈரக்காற்று படாமல் வைத்தால் கெடாது. பயன்படுத்தும்போது கரைத்து வடிகட்டிவிடுங்கள், நல்ல கருப்பட்டியிலும் மண், தூசி இருக்கும்.

திருநெல்வேலி சொதி ஒவ்வொரு முறையும் திரிந்துவிடுகிறது. ஏன்?

தேங்காய்ப்பாலைக் கொதிக்க விடுகிறீர்கள், அல்லது அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சை பிழிகிறீர்கள், அநேகமாக இரண்டும். மூன்றாம் பாலில் காய்களை வேகவையுங்கள், இரண்டாம் பாலும் வெந்த பாசிப்பருப்பும் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிடுங்கள். எலுமிச்சை, கீழே இறக்கிச் சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான்.

நெல்லைச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து இது. கூடவே இஞ்சிப் பச்சடி கட்டாயம், தேங்காய்ப்பாலைச் செரிக்க வைக்க யாராவது வேண்டுமே. இலங்கைச் சொதி வேறு, இடியப்பத்தின் மேல் ஊற்றிக்கொள்கிற தண்ணியான மஞ்சள் சொதி. அந்தக் குறிப்பைப் பார்த்து இதைச் செய்தால் மாப்பிள்ளை வீட்டார் முகம் மாறும்.

யாழ்ப்பாணத்து ஒடியல் கூழ் சென்னையில் செய்ய முடியுமா? ஒடியல் மாவுக்குப் பதில் அரிசி மாவு போடலாமா?

போடலாம், ஆனால் அது நண்டும் இறாலும் போட்ட அரிசிக் கஞ்சி. கூழுக்கு அந்த லேசான கசப்பும் வழுவழுப்பான கெட்டித்தன்மையும் ஒடியலில்தான் வருகிறது.

பனங்கிழங்கைப் பச்சையாகவே கிழித்து வெயிலில் மொறமொறவெனக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்கு வேண்டியது முதலாவது. இலங்கைப் பொருள்கள் விற்கிற கடையில் மாவு கிடைக்கும். இல்லையென்றால் பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கு மலிவாக வரும்போது வாங்கித் தோலும் நடு நரம்பும் நீக்கி, கீறிக் காயப்போட்டு மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளலாம். மாவை நிறையத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்துத் தெளிந்த நீரைக் கொட்டிவிடுங்கள், இரண்டு முறை தண்ணீர் மாற்றினாலும் தப்பில்லை. இதில் சோம்பல்பட்டால் கூழ் குடிக்க முடியாத அளவு கசக்கும்.

மற்றது சுலபம். பெரிய பானையில் கொஞ்சம் அரிசி, மரவள்ளி, பலாக்கொட்டை, பயற்றங்காய் இவற்றை முதலில் அவியவிட்டு, பாதி வெந்ததும் நண்டு, மீன், இறால் போடுங்கள். செத்தல் மிளகாயை அரைத்துப் புளிக்கரைசலோடும் ஊறிய மாவோடும் கலக்கி ஊற்றி, அடிபிடிக்காமல் கிளறுங்கள். கரண்டியால் ஊற்றும்போது விழ வேண்டும், களி மாதிரி நிற்கக்கூடாது. முள் அதிகமுள்ள மீனைத் தவிர்த்துவிடுங்கள். பனையோலையில் மடித்த பிளாவில் குடிப்பது முறை, ஓலை கிடைக்காதவர்கள் கிண்ணத்தில் குடிக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. இரண்டு பேருக்கு மட்டும் செய்யாதீர்கள், இத்தனை சரக்கும் சேர்ந்தால்தான் ருசி, அதைக் குடிக்க ஒரு வீட்டுக்கூட்டம் வேண்டும்.

ஜிகர்தண்டாவுக்குப் பாதாம் பிசின், கடல்பாசி இரண்டில் எது?

பாதாம் பிசின். இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் காலையில் பொங்கி நிற்கும், ஒரு கண்ணாடி டம்ளருக்கு ஊறின பிசின் இரண்டு கரண்டி தாராளம். கடல்பாசி பச்சைத் தண்ணீரில் கரையாது, கொதிக்கவைத்து ஆறவிட்டுக் கட்டியாக்க வேண்டும். சிலர் அதையும் துண்டு போட்டுச் சேர்க்கிறார்கள், தப்பில்லை. ஆனால் பாலைச் சுண்டக் காய்ச்சாமல், நன்னாரி சர்பத்தும் இல்லாமல், பிசினை மட்டும் பாலில் மிதக்கவிட்டு மதுரை ஜிகர்தண்டா என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

பள்ளிபாளையம் சிக்கனுக்கு எந்த மசாலாப் பொடி நல்லது?

எதுவும் வேண்டாம். கொங்குப் பக்கத்துச் சமையலின் அழகே அதுதான். எண்ணெய், கைநிறையச் சின்ன வெங்காயம், விதையை உதறிய காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், பல்லுப்பல்லாகக் கீறிய தேங்காய், அவ்வளவுதான். கரம் மசாலா போட்ட நிமிஷமே அது வேறு ஊர்க் கறி.

வெள்ளைப் பணியாரம் மெத்தென்று வரவில்லை, அளவு சொல்லுங்கள்.

பச்சரிசியை ஆழாக்கில் தலைதட்டி அளந்து, அந்த ஆழாக்கின் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவியுங்கள், நிற்கிற அளவுதான் கணக்கு. இரண்டையும் சேர்த்து ஊறவைத்து, வெண்ணெய் பதத்துக்கு அரைத்து, புளிக்கவிடாமல் உடனே ஊற்றுங்கள். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல்.