காட்டுக் கேட் மூடும் முன்னே: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 150 சிசி பைக்கில் தனியாக ஒரே நாளில் ஸ்ரீசைலம் போக ஆசை. மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்தால் 8 மணி நேரம் போதும் என்று தோன்றுகிறது. சரிதானா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: போதாது. மொத்த தூரத்தை வகுத்துப் பார்ப்பதை விடுங்கள். ஆளே இல்லாத கடைசி 50 கிலோமீட்டரை முதலில் வைத்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். மலையடிவாரத்து ஊரான தோர்ணாலாவைத் தாண்டினால் நல்லமலைக் காடு. நாகார்ஜுனசாகர் – ஸ்ரீசைலம் புலிகள் காப்பகம் அது, பரப்பளவில் நாட்டிலேயே பெரியது. வனத்துறை கேட்டை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். அதற்காக 8.45-க்குப் போய் நுழையாதீர்கள். மானும் காட்டுப்பன்றியும் பொழுது சாயும்போதுதான் சாலைக்கு வரும், வளைவில் திரும்பியபின் பிரேக் பிடிக்க இடம் இருக்காது. மாலை 4 மணிக்குள் தோர்ணாலாவைத் தாண்டிவிட வேண்டும்.

அதற்கு ஓங்கோலை 11 மணிக்குள் பிடிக்க வேண்டும். சென்னையில் இருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். டீ, பெட்ரோல், ஓய்வு எல்லாம் சேர்த்தால் சராசரி 50-தான் வரும். ஆக, விடியற்காலை 4.30-க்குக் கிளம்புங்கள். மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் லாரிகள் பின்விளக்கு இல்லாமல் ஓரங்கட்டி நிற்கும், செங்குன்றம் தாண்டும்வரை 40-க்கு மேல் வேண்டாம். ஓங்கோலுக்குப் பிறகு சீமகுர்த்தி, பொதிலி, மார்க்காபுரம். சீமகுர்த்தி கிரானைட் ஊர். கல் ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள்.

பெட்ரோலுக்கு, வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தாலும் மூட்டை, எதிர்க்காற்று, மலையேற்றம் எல்லாம் சேர்த்து 35 என்றே கணக்கு வையுங்கள். 12 லிட்டர் டேங்க் என்றால் 420 கிலோமீட்டர். அதில் பாதி ஓடியதும் நிரப்பிவிட வேண்டும். மார்க்காபுரத்தில் பெட்ரோல் முள் எங்கே நின்றாலும் சரி, முழு டேங்க் போட்டுக்கொள்ளுங்கள். இன்ஜெக்‌ஷன் (கார்புரேட்டர் இல்லாத) வண்டியில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. வெயிலில் கடைசிச் சொட்டுவரை ஓட்டினால் பம்ப் சூடேறிக் கெடும்.

நம் வடசென்னைப் பகுதிக்கென்றே ஒரு வேலை இருக்கிறது: செயின். காசிமேடு, எண்ணூர் உப்புக்காற்றில் சில கண்ணிகள் துருப்பிடித்து இறுகிவிடும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் தளர்ச்சியை அளக்க வேண்டும். மேலும் கீழும் மொத்தம் 25 மி.மீ. அசைவு இருந்தால் நல்லது. தளர்ந்த இடத்தில் அளந்து முறுக்கினால், இறுகிய இடம் வரும்போது செயின் கம்பிபோல் விறைத்து பேரிங்கைத் தின்னும், நடுவழியில் அறுந்தும் போகும். சுற்றும்போது வளையாமல் முண்டும் கண்ணி கண்ணுக்கே தெரியும். எண்ணெய் விட்டும் அது இளகவில்லை என்றால் செயினை ஸ்ப்ராக்கெட்டோடு (பல்சக்கரத்தோடு) மாற்றிவிடுங்கள். 90 கியர் ஆயிலை, வண்டி ஓடி செயின் சூடாக இருக்கும்போது உள்பக்கமாக விடுங்கள்; 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும்.

கேள்வி: டியூப்லெஸ் டயரில் நானே பஞ்சர் ஒட்டினேன். 10 கிலோமீட்டரில் மறுபடியும் காற்று இறங்கிவிட்டது. ஏன்?
– வாசகி, எண்ணூர்

பதில்: பெரும்பாலும் ஓட்டையைச் சரியாகத் தேய்க்காததுதான் காரணம். கொறடால் ஆணியைப் பிடுங்கும்போது அது எந்தச் சாய்வில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரம்போல் இருக்கும் ஊசியை அதே சாய்வில் விட்டு 10, 15 தடவை ஏற்றி இறக்கினால்தான் ரப்பர் சொரசொரப்பாகி, ஓட்டையை அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப் கவ்வும். ஸ்ட்ரிப்பைக் கண் உள்ள ஊசியில் பாதிவரை கோத்து, ரப்பர் சொல்யூஷன் தடவி, இரண்டு முனையும் 2 செ.மீ. வெளியே நிற்கும்வரை அழுத்துங்கள். பிறகு ஊசியை வெடுக்கென்று இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் ஸ்ட்ரிப்பும் கூடவே வந்துவிடும். நீட்டிக்கொண்டிருப்பதை 3 மி.மீ. விட்டு வெட்டிவிட்டு, காற்றடித்து, சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழ் வந்தால் இரண்டாவது ஸ்ட்ரிப் போடலாம். டயரின் பக்கச்சுவரில் ஓட்டை என்றால் ஸ்ட்ரிப் நிற்காது, டயரைத்தான் மாற்ற வேண்டும். கம்பிச் சக்கர வண்டி பெரும்பாலும் டியூப் வகை, இந்த ஊசி, ஸ்ட்ரிப் கிட் அதற்கு உதவாது.

கேள்வி: தனியாக ஓட்டும்போது மதியம் கண் சொக்குகிறது. என்ன செய்வது?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: மதியம் 2 முதல் 4 வரை அப்படித்தான் இருக்கும். முழுச் சாப்பாடு வேண்டாம். இட்லி, மோர், வாழைப்பழம் போதும். தலை ஆடத் தொடங்கினால் டீ குடித்துச் சமாளிக்க முயலாதீர்கள். ஊருக்குள், நாலு பேர் இருக்கும் இடத்தில் நிறுத்தி 20 நிமிடம் தூங்குங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பெரும்பாலும் 1 லிட்டர். குறைத்தால் உப்பு ஏறிப்போய் வாந்தி வரும். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033, மற்ற அவசரத்துக்கு 112. உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும், அங்கே வேறு நிறுவனத்தின் டவர் இருந்தால் 112 பெரும்பாலும் கிடைக்கும். காட்டுக்குள் எந்த டவரும் கிடைக்காத இடம் உண்டு. அதனால் நுழையும் நேரத்தையும் வெளியே வரவேண்டிய நேரத்தையும் தோர்ணாலாவிலேயே வீட்டுக்கு எழுதி அனுப்பிவிட்டு ஏறுங்கள்.